விடோசாவாவின் காலுறைகள்

லுகோவாவில் கோடைக்காலத்தில் யார் வீட்டுத் தோட்டத்தில் விருந்து நடந்தாலும் முதல் அழைப்பு விடோசாவாவுக்குத்தான் போகும். இதை வைத்து அவளை ஊரில் பெரிய மனுஷி என்று நினைத்துவிடக் கூடாது. அவள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். பாட வராது, நாலு பேர் சிரிக்கும்படி பேச வராது, யாருக்கும் வேலை வாங்கித் தரும் செல்வாக்கும் கிடையாது. அவளிடம் இருந்த சிறப்பு ஒன்றே ஒன்றுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் மற்றவர்களைக் கொசு கடிக்காது. எல்லாக் கொசுவும் அவளிடம் போய்விடும்.

டிஸா ஆற்றங்கரை ஊரில் இது சாதாரண விஷயமில்லை. மே மாதம் வெள்ளம் வடிந்த பிறகு சாயங்காலம் வெளியே வருகிறவன் ஒரு கையால் சாப்பிட்டு மறுகையால் அடித்துக்கொள்ளப் பழகியிருக்க வேண்டும். விடோசாவா இருக்கும் மேசையில் மட்டும் எல்லாரும் இரண்டு கையாலும் சாப்பிட்டார்கள். அவளை எப்போதும் மேசையின் நடுவில்தான் உட்கார வைப்பார்கள். தட்டில் நல்ல கறித்துண்டாகப் பார்த்து வைப்பார்கள். அவள் இடைவிடாமல் முழங்கையைச் சொறிந்துகொண்டே அதைச் சாப்பிடுவாள்.

அவள் கணவன் ராதிவோய் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுபவன். இருவரும் முதலில் சந்தித்தது ஆற்றங்கரையில் நடந்த மீன்பிடிப் போட்டியில். அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் மனசுக்குள் இனம் தெரியாத ஒரு நிம்மதி வந்தது என்று அவன் கல்யாணத்தில் எழுந்து நின்று சொன்னான். விடோசாவா அந்த வார்த்தையைப் பல வருஷம் பத்திரமாக வைத்திருந்தாள். அவர்களுடைய வெள்ளி விழாவன்றுதான், கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவனும் குடும்பத்தில் ஒருவனாகவே ஆகிவிட்டவனுமான ஸ்டோயான், பிளம் சாராயம் உள்ளே போன தெம்பில் அந்த நிம்மதிக்கு விளக்கம் சொன்னான். போட்டிக்கு மறுநாளே ராதிவோய் அவனிடம் ஓடி வந்து, "டேய், மூணு மணி நேரம் கரையில உக்காந்திருந்தேன், ஒரு கொசு கடிக்கல" என்றானாம். மேசையே சிரித்தது. விடோசாவாவும் சிரித்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் மட்டும் அவள் ராதிவோயின் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவன் அதைக் கவனிக்கவும் இல்லை.

இப்படி இருந்த ஊருக்குத்தான் தகைவிலான் திட்டம் வந்தது.

ஐந்து நாட்டு விஞ்ஞானிகள் ஐந்து ஊர்களில் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சி அது. நகரங்கள் மரம் வளர்க்கின்றன, குளம் வெட்டுகின்றன, சுவரில் செடி ஏற்றுகின்றன. நல்லதுதான். ஆனால் பச்சை வந்தால் பூச்சியும் வரும், பூச்சி வந்தால் நோயும் வருமா என்று கண்டுபிடிக்க வேண்டும். திட்டத்தின் முழுப் பெயர் மூச்சு வாங்காமல் சொல்ல முடியாத நீளம். முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஒரு பறவையின் பெயர் வரவேண்டும் என்பதற்காக நடுவில் பொருளில்லாத இரண்டு சொற்களைச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பெயரை முடிவு செய்யவே முதல் வருஷம் போய்விட்டது. கொசுக்கள் அந்த வருஷத்தை வீணாக்கவில்லை.

லுகோவாவின் பங்குக்குத் துணை மேயர் நெகோவான் சதுக்கத்தின் கான்கிரீட்டைப் பெயர்த்து, நாணல் நட்ட ஒரு குளம் வெட்டினார். முன்பு அந்த இடம் முழுக்கச் சதுப்பு. அதைத் தூர்க்க ஊர்க்காரர்கள் மூன்று தலைமுறை மண் சுமந்தார்கள். நான்காவது தலைமுறை வெளிநாட்டு உதவியோடு அதே இடத்தில் சதுப்பைத் திரும்பக் கொண்டுவந்தது. குளத்துத் தண்ணீர் தேங்காமல் சுழல ஒரு மோட்டார் வாங்கியிருந்தார்கள். திறப்பு விழா நாள் நெருங்கிவிட்டதால் மோட்டாரை நகரமன்றக் கட்டடத்தின் நிலவறையில் வைத்துவிட்டு ரிப்பனை வெட்டினார்கள். திறப்பு விழாவில் ஒருவன் கொசுவைப் பற்றிக் கேட்டான். இந்தக் குளத்தில் வரப்போவது ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்ட கொசுதான் என்று நெகோவான் பதில் சொன்னார்.

விஞ்ஞானிகள் முதல் முறை வந்தபோது ஆற்றங்கரை உணவகத்தில் விருந்து வைத்தார்கள். பொதுமக்களின் பங்கேற்பு கட்டாயம் என்று திட்டத்தில் எழுதியிருந்ததால் பொதுமக்கள் சிலர் வேண்டியிருந்தது. அதோடு விருந்தாளிகளைக் கொசு கடித்துவிடக் கூடாது என்ற கவலையும் இருந்தது. நெகோவானின் செயலாளர் யோசித்து விடோசாவாவை அழைத்தாள். ஒரே ஆளில் இரண்டு தேவையும் தீர்ந்தது.

மிளகாய்ச் சிவப்பில் மீன் சூப் வந்தது. அவளுக்கு எதிரில் யோரிஸ் என்ற டச்சுக்காரப் பேராசிரியர். வாழ்நாள் முழுவதும் கொசுவைப் படித்தவர். அவர் இரண்டு கரண்டி குடித்தார், பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். தன் கையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர்களின் கழுத்தைப் பார்த்தார், கடைசியில் விடோசாவாவின் முழங்கையைப் பார்த்து அப்படியே உறைந்துபோனார். அவள் தன் வளையலைத்தான் பார்க்கிறார் என்று எண்ணிக் கையை லேசாகத் திருப்பிக் காட்டினாள்.

திட்டத்தின் உள்ளூர் விஞ்ஞானி துன்யா, மாகாணத் தலைநகரிலிருந்து வந்த இளம்பெண், மொழிபெயர்த்தாள். "விடா அத்தை, அவர் உங்க கைய கிட்ட வந்து பாக்கலாமான்னு கேக்குறாரு."

"பாக்கட்டும்" என்றாள் விடோசாவா. "இத்தன வருஷத்துல அனுமதி கேட்ட மொத ஆளு இவருதான்."

யோரிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். சூப் ஆறிப்போகும் வரை பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கண் கலங்க, தான் இதுவரை இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். தன்னைப் பார்த்து ஓர் ஆண் கண் கலங்குவது விடோசாவாவுக்கும் புதுசு. அன்றைக்கு வீடு வந்து கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

அவளைக் குளக்கரையில் உட்கார வைத்து எத்தனை கொசு வருகிறது என்று எண்ண வேண்டும் என்பது யோரிஸின் ஆசை. ஆனால் எதையும் செய்வதற்கு முன் அறநெறிக் குழுவிடம் கேட்க வேண்டும். அந்தக் குழு ஐந்து நாட்டிலிருந்தும் கணினித் திரையில் கூடியது. ஆராய்ச்சியின் பெயரால் ஒரு மனிதரைக்கூடக் கொசு கடிக்க விடக் கூடாது என்று உறுதியாகத் தீர்மானித்தது. அதே நேரத்தில் விடோசாவா தன் வீட்டு பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டு வழக்கம்போலக் கடி வாங்கிக்கொண்டிருந்தாள். அதில் குழுவுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அது ஆராய்ச்சிக்காக நடக்கவில்லையே.

வேறு வழி ஒன்று உண்டு என்றாள் துன்யா. கொசுவை இழுப்பது தோலின் வாசனைதான். ஒருவர் ஒரு நாள் முழுக்க அணிந்த நைலான் காலுறையிலும் அந்த வாசனை இருக்கும். அதை வெட்டிப் பொறியில் வைத்தால் போதும், ஆள் வேண்டாம். இப்படித்தான் விடோசாவாவின் காலுறைகள் அறிவியலுக்குள் கால் வைத்தன.

அதற்கும் விதிகள் இருந்தன. காலுறை போடும் நாட்களில் சோப்பு கூடாது, வாசனைத் தைலம் கூடாது, சாராயம் கூடாது, வெள்ளைப்பூண்டு அறவே கூடாது. அவள் சாப்பிடாததை வீட்டில் தனியாகச் சமைக்கப் போவதில்லை என்பதால் ராதிவோயும் அறிவியலுக்குத் தொண்டு செய்ய வேண்டியதாயிற்று. "கறியில பூண்டு இல்ல, அவரையில பூண்டு இல்ல" என்று அவன் கிடங்கில் எல்லாரிடமும் புலம்பினான். "இன்னும் நம்மள ஐரோப்பிய யூனியன்லயே சேத்துக்கல, அதுக்குள்ள சட்டியில கை வெச்சுட்டாங்க."

காலுறைகளை உறையில் போட்டு, பனிக்கட்டி வைத்து, மற்ற நான்கு நாடுகளுக்கும் அனுப்பினார்கள். முதல் பொட்டலம் எல்லைச் சாவடியைத் தாண்டவில்லை. உள்ளே என்ன என்ற இடத்தில், பெண் அணிந்த காலுறை, துவைக்காதது, ஆராய்ச்சிக்கு என்று துன்யா உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். சுங்க அதிகாரி கடமை தவறாதவர். நேராக லுகோவா பேருந்து நிலையத்துக்குப் போன் போட்டார். விடோசாவாவின் கவுண்ட்டரில் அப்போது நல்ல கூட்டம். அந்தப் போனுக்கு ஒலி குறைக்கும் வசதி இல்லை.

"அம்மா, இங்க ஒரு காலுறை வந்திருக்கு. உங்களோடதா?"

"ஆமா."

"துவைக்காம இருக்கே?"

"துவைக்கக் கூடாதுன்னுதான் அவங்க சொன்னாங்க."

"யாரு?"

"ஹாலந்து, டென்மார்க், ஸ்பெயின்…" என்று அவள் சொல்லச் சொல்ல வரிசை வாயை மூடிக்கொண்டது. அதுவரை நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடப் பேருந்தை விட்டுவிட்டு நின்றார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பேருந்து ஓட்டுநர்கள் அவளைப் பார்த்ததும் தொப்பியைத் தூக்கி வணங்க ஆரம்பித்தார்கள். பாதிரியார் அவள் வீட்டுக்குத் தீர்த்தம் தெளிக்க வந்த சாக்கில், இந்தக் காலுறை விஷயம் கௌரவமானதுதானா என்று தூரத்திலிருந்து சுற்றி வளைத்துக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி தன் காலுறையையும் அனுப்ப முடியுமா என்று நேரடியாகவே கேட்டாள். ராதிவோய் முதலில் வெட்கப்பட்டான். டச்சுப் பேராசிரியர் போனில் கூப்பிட்டு அவனுக்கும் நன்றி சொன்ன பிறகு, "எங்க வீட்டு ஏற்றுமதி" என்று பேச ஆரம்பித்தான்.

முடிவுகள் வந்தபோது ஐந்து நாடுகளும் ஆடிப்போயின. மற்ற நான்கு நாடுகளிலும் விடோசாவாவின் காலுறை வைத்த பொறிகள் வாய் வரை நிரம்பியிருந்தன. அதுவரை காலிப் பொறியை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதத் திண்டாடிய ஆய்வாளர்கள் ஒரே கோடையில் இரண்டு மூன்று கட்டுரை எழுதினார்கள். ஓர் ஊரின் கொசுவை இன்னோர் ஊரின் கொசுவோடு ஒப்பிட ஒரு பொது அளவு தேவைப்பட்டது. யோரிஸ் அதற்கு விடோசாவா அலகு என்று பெயர் வைத்தார். டென்மார்க்கின் துறைமுகப் பூங்கா கால் விடோசாவா. ஸ்பெயினின் ஆரஞ்சுத் தோப்புச் சதுக்கம் அரை விடோசாவா. தங்கள் ஊரின் பெயரை யாரோ ஒரு டிக்கெட்காரியின் காலுறை கெடுப்பதாக ஸ்பெயின் ஊரின் நகரமன்றம் கண்டனத் தீர்மானம் போட்டது. அதைக் கேட்டு ராதிவோய், "அரை விடோசாவாவுக்கே அங்க அழறானுங்க, நான் முழு விடோசாவாவோட குடும்பம் நடத்துறேன்" என்றான். அந்த நகைச்சுவையை அவன் மாதக்கணக்கில் ஓட்டினான்.

எல்லாவற்றையும் விட ஆச்சரியம் லுகோவாதான். லுகோவாக் குளத்துப் பொறிகளில் கொசுவே விழவில்லை. சதுப்பு, நாணல், தேங்கிய தண்ணீர் எல்லாம் இருந்தும் கிட்டத்தட்டப் பூஜ்யம். நெகோவான் அன்றைக்கே ஐரோப்பாவின் பாதுகாப்பான பசுமை நகரம் என்று நகரமன்ற வாசலில் பதாகை கட்டிவிட்டார். தொலைக்காட்சிக்காரர்களைக் கூப்பிட்டு, இதில் ரகசியம் ஒன்றுமில்லை, நல்ல நிர்வாகம்தான் என்று அடக்கமாகச் சொன்னார்.

துன்யாவுக்கு மட்டும் உறுத்தியது. குளக்கரைப் பொறியின் பக்கத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். நேர் மேலே, இரண்டாவது மாடியில், விடோசாவாவின் பால்கனி. முழு ஆளே மேலே இருக்கும்போது எந்தக் கொசு கீழே ஒரு காலுறைத் துண்டைத் தேடி வரும்?

சந்தேகம் வந்தபின் அவள் சும்மா இருக்கவில்லை. குளத்தைச் சுற்றியிருக்கும் குடியிருப்புகளில் சம்மதித்தவர்களிடம் ரத்தம் எடுத்துச் சோதித்தாள். சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் விடோசாவாவின் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"விடா அத்தை, மேற்கு நைல்னு ஒரு காய்ச்சல் இருக்கு. பறவைகிட்ட இருந்து கொசு எடுத்துட்டு வந்து மனுஷனுக்குக் குடுக்கும். அது உங்களுக்கு வந்துபோன தடம் ரத்தத்துல இருக்கு. புதுசு இல்ல, பழசு. எப்பவாவது கோடையில ரொம்ப முடியாம படுத்தீங்களா?"

விடோசாவா காபிக் குடுவையைக் கீழே வைத்தாள். ஆம், படுத்திருக்கிறாள். ஸ்டோயானின் மகள் கல்யாணம் முடிந்த அடுத்த வாரம். அந்தக் கல்யாணம் நடந்தது ஆற்றங்கரைப் புல்வெளியில், அவளுடைய நாற்காலி பந்தலின் நட்டநடுவில். பிறகு தலையைப் பிளக்கும் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கண், கால் இரண்டும் தன்னுடையது அல்ல என்பதுபோல ஒரு தளர்ச்சி. அது ஊரே சிவப்புக் குடைமிளகாய் சுட்டுத் தோலுரித்துக் குளிர்காலத்துக்கு அரைத்து வைக்கும் பருவம். மிளகாய் உரிக்கப் பயந்துதான் இவள் படுத்துவிட்டாள் என்று நாத்தனார் வீடு வீடாகச் சொன்னாள். ராதிவோய் அப்படிச் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் சொல்லவில்லை. மிளகாயை அவனே உரித்தான், உரித்த கதையை அந்தக் குளிர்காலம் முழுக்க வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னான்.

"அப்ப நான் நடிக்கல" என்றாள் விடோசாவா.

"இல்ல அத்தை. மூளைக்கு ஏறியிருந்தா ஆளையே கொண்டுபோயிருக்கும்."

"இத நீ வந்து என் நாத்தனார்கிட்ட சொல்லணும்."

துன்யா போய்ச் சொன்னாள். நாத்தனார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அன்றைக்கு எழுந்து நாலு மிளகாய் உரித்திருந்தால் வியர்த்து இறங்கியிருக்கும் என்றாள். அன்றிரவு ராதிவோய் தன் தட்டைத் தானே கழுவி வைத்தான். வேறென்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

துன்யா தன் சந்தேகத்தைத் திட்டக் கூட்டத்தில் வைத்தாள். லுகோவாவில் எத்தனை கொசு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் லுகோவாவில் விடோசாவா இருக்கக் கூடாது. விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டு, விடோசாவா இல்லாத நிலை என்று அதற்கு ஒரு தலைப்பும் கொடுத்தார்கள். ஜூலையில் பத்து நாள் அவளை டென்மார்க் ஊருக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. அறிவுப் பரிமாற்றம் என்ற கணக்கில் அது அடங்கும். அறநெறிக் குழு ஒரே ஒரு கேள்வி கேட்டது: அந்த அம்மாளுக்குப் போக விருப்பமா? விடோசாவா அதற்குள் பெட்டியைக் கட்டியிருந்தாள்.

நெகோவானுக்கு இந்தத் தலைப்பெல்லாம் தெரியாது. அனுப்பிய காகிதங்களை அவர் படிக்கும் வழக்கமில்லை. லுகோவாவின் குடிமகள் ஐரோப்பாவுக்குப் பாடம் நடத்தப் போகிறாள் என்று செய்தி கொடுத்துவிட்டு, அதே வாரத்தில் குளக்கரையில் பசுமைத் திருவிழாவுக்கு நாள் குறித்தார்.

டென்மார்க்கில் அவளைப் பார்த்துக்கொண்டவள் கிர்ஸ்டென், துறைமுகப் பூங்காவின் பொறுப்பாளர், அவள் வயதுக்காரி. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூட இல்லை. அதனால் நன்றாகவே ஒத்துப்போயிற்று. மீனில் சர்க்கரை போட்டுத் தந்தார்கள், விடோசாவா பாராட்டிவிட்டு ரொட்டி தின்றாள். முதல் சாயங்காலம் கிர்ஸ்டென் அவளைக் கடலுக்குள் நீளும் மரப்பாலத்துக்குக் கூட்டிப்போய், ஒரு பெஞ்சைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். காற்று பலமாக அடித்தது. அந்தக் காற்றில் எந்தக் கொசுவும் பறக்க முடியாது. விடோசாவா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கைகள் சும்மா இருப்பதைக் கவனித்தாள். அடிக்கவில்லை, சொறியவில்லை, விசிறவில்லை. சாயங்காலம் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தாள். மற்றவர்கள் இத்தனை காலமும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. இரண்டும் அடங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாளும் அதே பெஞ்சுக்கு வந்தாள்.

லுகோவாவில் அந்த மறுநாள்தான் திருவிழா. இருட்டுவதற்கு முன்பே கடி தொடங்கிவிட்டது. முதலில் அகப்பட்டவர்கள் பித்தளை வாத்தியக்காரர்கள். டிராம்போன் ஊதுகிறவனுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும், கொசுவுக்கு அது தெரியும். பாட்டு பாதியில் நின்றது. நெகோவான் மேடையேறி, இந்தக் குளக்கரையில் ஒரு கொசுகூட இல்லை என்று சொல்லித் தன் நெற்றியில் தானே ஓங்கி அறைந்துகொண்டார். தொலைக்காட்சி அதை நேரடியாகக் காட்டியது. அடுத்த வாக்கியத்துக்குள் கழுத்தில் இரண்டு, காதில் ஒன்று. ஆனாலும் அவர் உரையைக் குறைக்கவில்லை. அவர் உரையைக் குறைக்கிறவரே இல்லை. கூட்டம்தான் குறைந்தது. ஸ்டோயான் ஒரு கண் மூடுகிற அளவுக்கு முகம் வீங்கி வீடு போய்ச் சேர்ந்தான். துன்யாவின் பொறிகள் அன்றைக்குத்தான் முதல்முறையாக நிரம்பின.

கல்யாணமானதிலிருந்து ராதிவோயைக் கொசு கடித்ததில்லை. எங்கே சொறிவது, எப்படி அடிப்பது என்றுகூட அவனுக்கு மறந்துபோயிருந்தது. இரண்டு நாள் வீம்பாகத் தாங்கினான். மூன்றாம் நாள் அவளுக்குப் போன் செய்தான். அவள் மரப்பாலத்தில் இருந்தாள்.

"விடா, எப்ப வர்ற?"

"இன்னும் நாள் இருக்கு."

"சீக்கிரம் வந்துடேன். நீ இல்லாம இங்க இருக்க முடியல."

விடோசாவா கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உனக்கு நான் வேணுமா, கொசுவுக்கு ஆள் வேணுமா?"

மறுமுனையில் ராதிவோய் எதையோ அறையும் சத்தம் கேட்டது. பொய் சொல்ல அவனுக்கு எப்போதும் வராது. "ரெண்டும்தான்" என்றான். பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஒனக்குத் தெனமும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டான்.

"தெனமும்."

"சொல்லியிருக்கலாமே."

"சொறிஞ்சுகிட்டேதானே இருந்தேன், ராதிவோய். கண்ணு இருக்கில்ல உனக்கு?"

அதற்குமேல் சீக்கிரம் வா என்று அவன் சொல்லவில்லை.

திருவிழா முடிந்த அடுத்த வாரம் நெகோவானுக்குக் காய்ச்சல் வந்தது. மக்கள் பணியில் ஓய்வில்லாததால் வந்த களைப்பு என்று நகரமன்றம் அறிவித்தது. துன்யா விடாப்பிடியாக நின்று ரத்தத்தைச் சோதிக்க வைத்தாள். மேற்கு நைல்தான். மாகாண மருத்துவமனையில் வெளிச்சம் படாத அறையில் அவர் பல நாள் கிடந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச முடியாமல் கிடந்தார். எழுந்து உட்கார முடிந்ததும், நிலவறையில் கிடக்கும் மோட்டாரைக் குளத்தில் பொருத்தவும் புழுக்கொல்லி மருந்து போடவும் கையெழுத்துப் போட்டார். துன்யா ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. பிறகு நிருபர்களை வரவழைத்து, ஆராய்ச்சிக்காகத் தன் ரத்தத்தையே கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

விடோசாவா திரும்பி வந்த நாளில் பேருந்து நிலையத்தில் கூட்டமாக நின்றார்கள். ஒரு பெண்ணை அந்த ஊர் அவ்வளவு ஆசையோடு எதிர்பார்த்ததே இல்லை. பூங்கொத்து கொடுத்தார்கள். பாதிரியார் கன்னத்தில் முத்தமிட்டார். ஸ்டோயான் தன் தோட்டத்தில் அன்று சாயங்காலமே விருந்து ஏற்பாடு செய்திருந்தான். கறி சுடும் அடுப்பிலிருந்து புகை எழுந்தது, நீண்ட மேசையில் எல்லாரும் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஒரு நிம்மதியோடு அவளைப் பார்த்தார்கள். நடு நாற்காலி காலியாக இருந்தது. அதில் புதிதாக ஒரு மெத்தையும் போட்டிருந்தார்கள்.

விடோசாவா நின்றபடியே அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"உக்காரு விடா" என்றான் ஸ்டோயான். "உனக்காகத்தான் போட்டது."

"உன் பொண்ணு கல்யாணத்துலயும் எனக்காகத்தான் போட்ட, ஸ்டோயான். அதுக்கப்புறம் பனி விழுற வரைக்கும் நான் சுவரப் பிடிச்சு நடந்தேன். என்ன காய்ச்சல்னு இப்பத்தான் தெரியுது. நம்ம துணை மேயர் படுத்துக் கெடக்குற அதே காய்ச்சல்." அவள் குரல் உயரவில்லை. கவுண்ட்டரில் கடைசிப் பேருந்து போய்விட்டது என்று சொல்லும் அதே குரல். "இன்னைக்கு நீ உக்காரு."

தட்டில் தனக்கு வேண்டிய கறித்துண்டை அவளே எடுத்துக்கொண்டாள். ஸ்டோயானின் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, அடுப்புப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

தோட்டத்தில் முதல் அறை விழுந்தது. அடுத்தது. ஸ்டோயான் காதைத் தடவினான். முதலில் எழுந்து உள்ளே வந்தவன் ராதிவோய். தட்டோடு வந்து, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் ஸ்டோயானின் மனைவி, அப்புறம் மகள், அப்புறம் பேருந்து ஓட்டுநர்கள், கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு ஸ்டோயான். கால் வைக்க இடமில்லாத அந்தச் சமையலறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வியர்த்து வழிய, ஒருவர் தட்டு இன்னொருவர் முதுகில் இடிக்கச் சாப்பிட்டு முடித்தார்கள். நாத்தனாருக்குக் கதவோரம்தான் இடம் கிடைத்தது. அவள் காலைக் கொசு கடித்தது. யாரும் இடம் மாறிக்கொள்ளவில்லை.

தகைவிலான் திட்டத்தின் இறுதி அறிக்கை கனமான புத்தகமாக வந்தது. நகரங்கள் தாராளமாகப் பச்சையாகலாம், ஆனால் தண்ணீரைத் தேங்க விடக் கூடாது என்பதே அதன் சாரம். அதைக் கண்டுபிடிக்க ஐந்து நாடுகள் தேவைப்பட்டன என்று யாரும் குத்திக்காட்டவில்லை. கொசுக் கட்டுப்பாட்டுக்கு ஒரு குடிமகளை நம்பியிருப்பதை மற்ற நகரங்களுக்குப் பரிந்துரைக்க இயலாது என்றும் ஒரு வரி இருந்தது. அது துன்யா எழுதியது. விடோசாவா இல்லாத நிலையை ஒவ்வொரு ஜூலையிலும் திரும்ப அளந்து பார்ப்பது அவசியம் என்ற வரியும் அவள் எழுதியதுதான். அறிவியல் ரீதியாக அது எவ்வளவு அவசியம் என்று யோரிஸ் கேட்டபோது, மிகவும் அவசியம் என்று முகம் மாறாமல் சொன்னாள்.

அதனால் விடோசாவா வருஷத்துக்கு ஒரு தடவை டென்மார்க்குக்குப் போகிறாள். கிர்ஸ்டெனும் அவளும் இன்னும் ஒரு மொழியும் கற்றுக்கொள்ளவில்லை. காலுறை கேட்டால் கொடுக்கிறாள், ஆனால் இப்போது பூண்டைக் குறைப்பதில்லை. அதற்கு ஏற்ற மாதிரி கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள், திருத்திக்கொண்டார்கள்.

ராதிவோய் பால்கனிக்கு வலை அடித்தான். அளவெடுக்கத் தெரியாமல் அடித்ததில் ஒரு மூலை கோணலாக நிற்கிறது, ஆனால் ஓட்டை இல்லை. சாயங்காலம் விடோசாவா வலைக்கு உள்ளே காபியோடு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டதால் அவன் கீழே குளக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து, முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, ஒரு கையால் சிகரெட்டைப் பிடித்தபடி மறுகையால் அடித்துக்கொண்டிருப்பான்.